கான்டன் ஹால் ஆஃப் ஃபேம் போகிறவர்கள் ஆலன் பேஜைத் தேடிப் பாருங்கள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கான்டன் நகரில் இருக்கும் புரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம், அதாவது அமெரிக்க ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் அருங்காட்சியகம், போகலாமா, டிக்கெட் காசுக்குத் தகுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தகும், போய் வாருங்கள், அரை நாளாவது ஒதுக்குங்கள். அதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். அங்கே போகும் முன் ஒரே ஒரு ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்து, அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் படித்துவிட்டு, அவரைத் தேடிக்கொண்டு உள்ளே போங்கள். அப்படிப் போகாவிட்டால் ஹெல்மெட், ஜெர்சி, கோப்பை, மோதிரம், மறுபடியும் ஹெல்மெட் என்று கண் நிறைய பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் எது யாருடையது என்று ஒன்றும் ஞாபகம் இருக்காது. அவ்வளவு பொருட்கள் அங்கே.

நான் தேர்ந்தெடுத்தது ஆலன் பேஜ். மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் டிஃபென்சிவ் டேக்கிள், தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவர். டாம் பிரேடி மாதிரி பெயர் சொன்னவுடன் எல்லோருக்கும் தெரிகிற ஆள் இல்லை, இந்த ஆட்டத்தைப் பல வருடமாகப் பார்க்கிறவர்களிலேயே பாதிப் பேர், பிற்காலத்தில் நீதிபதியான அவரை, நீதிபதி என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் போய் ஒரே ஒரு ஆளின் கதையை மட்டும் பின்தொடர வேண்டும் என்றால் அவரைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரிந்து இல்லை. ஏனென்றால் அவர் கான்டன்காரர். 1945 ஆகஸ்டில் அந்த ஊரிலேயே பிறந்தார், அங்கே இருக்கும் சென்ட்ரல் கத்தோலிக்கப் பள்ளியில் படித்தார். அதற்கும் மேலே, இந்த ஹால் ஆஃப் ஃபேம் கட்டப்பட்டபோது கட்டுமான வேலையில் கூலி ஆளாக நின்று உழைத்தவர்களில் பள்ளி வயதுப் பையனான அவரும் ஒருவர். 1963 செப்டம்பரில் கட்டடம் திறக்கப்பட்டது. சரியாக 25 வருடம் கழித்து, 1988-இல், அதே கட்டடத்துக்குள் அவரையும் சிறந்தவர்களில் ஒருவராகச் சேர்த்து, அவருடைய வெண்கலச் சிலையைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு உள்ளே போகிறவர் அங்கே இருக்கும் பழைய வட்ட மண்டபத்தைப் பார்க்கும் விதமே வேறு.

சரி, முதலில் இடத்தைப் பற்றி. கிளீவ்லாந்திலிருந்து தெற்கே காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், கொலம்பஸிலிருந்து இரண்டு மணி நேரம். 77-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியே இருப்பதால் ஊருக்குள் போய் வழி தேட வேண்டியதில்லை, கூரையில் பந்து வடிவத்தில் எழும்பி நிற்கும் கூம்பு சாலையிலிருந்தே தெரியும். கார் இல்லாமல் போவது சிரமம், ஒஹாயோவில் பெரும்பாலான இடங்களுக்கு அப்படித்தான். ஆகஸ்ட் முதல் வாரத்தில் புதியவர்களைச் சேர்க்கும் விழாவும் பக்கத்து ஸ்டேடியத்தில் சீசனுக்கு முந்தைய ஆட்டமும் நடக்கும். விழாவுக்காகவே போகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். கண்காட்சியை நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிட்டு, குளிர்காலத்திலோ வசந்தத்திலோ ஒரு வார நாளில் போவது நல்லது. டிக்கெட் விலை அவ்வப்போது மாறுகிறது, கிளம்பும் முன் அவர்கள் தளத்தில் பார்த்துவிடுங்கள். குடும்பத்தோடு போனால் தொகை கொஞ்சம் கனமாகத்தான் வரும்.

ஏன் கான்டன் என்று பலர் கேட்பார்கள். நியூயார்க்கோ சிகாகோவோ இல்லாமல் ஒரு சின்னத் தொழில் நகரத்தில் ஏன் இதை வைத்தார்கள்? 1920 செப்டம்பர் 17 அன்று ரால்ஃப் ஹே என்பவருடைய கார் ஷோரூமில், இதே ஊரில், சில அணிகளின் ஆட்கள் கூடிப் பேசி ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். அதுதான் பிறகு இந்த ஆட்டத்தின் பெரிய தொழில்முறை லீகான என்எஃப்எல் ஆனது. அந்தக் காலத்தில் கான்டன் புல்டாக்ஸ் பெரிய அணி, அதில் அன்றைய புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஜிம் தோர்ப் ஆடினார். நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது தோர்ப்பின் ஆளுயரத்துக்கும் அதிகமான வெண்கலச் சிலைதான். ஓடுகிற கோலத்தில் இருக்கும். அந்தச் சிலை நிற்கும் பகுதியைச் சுற்றித்தான் ஆரம்பக் கால வரலாறு விரிகிறது. தோல் ஹெல்மெட்டுகள், தையல் பிரிந்த ஜெர்சிகள், மங்கிப்போன புகைப்படங்கள். எனக்கு இந்தப் பகுதி ரொம்பப் பிடித்தது. பணமும் தொலைக்காட்சியும் வருவதற்கு முன் இந்த ஆட்டத்தை யார் ஆடினார்கள், சுரங்கத்திலும் எஃகு ஆலையிலும் வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மண்ணில் புரண்டவர்கள் யார் என்று இங்கே புரிகிறது. பேஜ் வளர்ந்த ஊரும் அதே ஊர்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. ஒவ்வொரு அணியிலும் பந்தை வைத்து முன்னேறப் பதினோரு பேர், எதிரணி முன்னேறாமல் தடுக்க வேறு பதினோரு பேர். தடுக்கிற பதினோரு பேரில் முன்வரிசையின் நடுவில் நிற்பவர் டிஃபென்சிவ் டேக்கிள். அவருக்கு எதிரே மலை மாதிரி இரண்டு மூன்று ஆட்கள் நின்று மறிப்பார்கள். அவர்களைத் தாண்டிப் போய்ப் பந்து வைத்திருக்கும் குவார்ட்டர்பேக்கை, அவர் பந்தை வீசுவதற்குள் கீழே சாய்த்துவிட்டால் அது சாக். கிரிக்கெட்டில் நாம் பேட்ஸ்மேனைத்தான் கொண்டாடுவோம், இங்கேயும் பேரும் புகழும் குவார்ட்டர்பேக்குக்கும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்கும்தான். நடுவில் முட்டி மோதுகிறவர் பெயர் மைதானத்துக்கு வெளியே போவதே அபூர்வம்.

இதனால்தான் 1971 முக்கியம். அந்த வருடம் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, எம்விபி, ஆலன் பேஜுக்குக் கிடைத்தது. தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் முறை. அவருக்குப் பிறகு 1986-இல் லாரன்ஸ் டெய்லருக்குக் கிடைத்தது. இத்தனை வருடத்தில் அந்த இரண்டே பேர். வைக்கிங்ஸ் அந்த சீசனில் 14 ஆட்டத்தில் மொத்தமாகவே 139 புள்ளிகள்தான் விட்டுக்கொடுத்தது, ஆட்டத்துக்குப் பத்துக்கும் கீழே. பேஜ், கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன் நான்கு பேரும் சேர்ந்த முன்வரிசைக்குப் பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்ஸ் என்று பேர். ஊதா உடையில் ஆளை விழுங்குகிறவர்கள். புளூமிங்டனில் இருந்த திறந்தவெளி மெட்ரோபாலிட்டன் ஸ்டேடியத்தில், டிசம்பர் குளிரில், ஓரத்தில் ஹீட்டர் வைக்கக்கூடாது என்று கோச் பட் கிராண்ட் கண்டிப்பாக இருந்த காலம் அது.

பேஜ் ஆடியதைப் பழைய படங்களில் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது உடம்பில்லை, வேகம். ஆறடி நான்கு அங்குலம், 245 பவுண்டு, நடுவில் நிற்கிறவருக்கு அன்றைக்கே அது பெரிய எடை இல்லை, இன்றைக்கு அந்த எடையில் அந்த இடத்தில் யாரையும் நிறுத்தவே மாட்டார்கள். நோட்ரடேம் பல்கலைக்கழகத்தில் அவர் ஆடியது ஓரத்தில், டிஃபென்சிவ் எண்டாக. 1967-இல், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுத்துக்கொள்ளும் டிராஃப்டில், முதல் சுற்றில் 15-ஆவது ஆளாக எடுத்த வைக்கிங்ஸ் அவரை நடுவுக்கு மாற்றியது. பந்து அசைந்த அடுத்த கணம் எதிரே நிற்பவன் கையைத் தூக்குவதற்குள் இவர் அவன் தோளைத் தாண்டியிருப்பார். மறிக்கிற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். 1971-இல் டெட்ராய்ட் லயன்ஸுக்கு எதிரான ஒரு ஆட்டத்தில் அடுத்தடுத்துத் தன் மேல் பெனால்டி விழுந்த கோபத்தில் அவர் ஆடிய ஆட்டம் இந்த விளையாட்டின் பழைய ரசிகர்கள் இன்றும் தேடிப் பார்ப்பது. அதைக் கிளம்புவதற்கு முன் பார்த்துவிடுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். கண்காட்சியில் ஒரு ஜெர்சியையோ ஷூவையோ பார்க்கும்போது அதற்குள் இருந்த ஆள் எப்படி நகர்ந்தார் என்று தெரிந்திருந்தால்தான் அதற்கு உயிர் வருகிறது.

எண்கள் பிடித்தவர்களுக்கு இன்னொரு விஷயம். என்எஃப்எல் சாக் கணக்கை அதிகாரபூர்வமாக எழுதத் தொடங்கியது 1982-இல். பேஜ் கடைசியாக ஆடியது 1981-இல். அதாவது பதினைந்து சீசன் குவார்ட்டர்பேக்குகளை விரட்டி விரட்டிச் சாய்த்தவருக்கு லீகின் அதிகாரபூர்வப் பட்டியலில் ஒரு சாக் கூட இல்லை. பழைய பதிவுகளைத் தோண்டிய ஆய்வாளர்கள் 148.5 என்கிறார்கள், ஹால் ஆஃப் ஃபேம் தரும் குறிப்பில் 173 என்று வரும். எதை எடுத்துக்கொண்டாலும் நடுவரிசையில் ஆடியவருக்கு அது மலைக்க வைக்கிற எண். எதிரணி உதைத்த பந்தைத் தடுத்தது 28 முறை. ஒரு ஆட்டம் விடாமல் தொடர்ச்சியாக 218 ஆட்டங்கள். தடுப்பாட்டக்காரர்களின் வாழ்க்கையை எண்ணிக்கையை வைத்து எடை போட முடியாது என்று நான் நம்புவதற்கு இவர்தான் முதல் காரணம். பட்டியலை மட்டும் பார்க்கிற இளைய ரசிகர்களுக்கு இதற்காகவே அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இப்போது லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்கான பகுதி. ஒவ்வொரு வருடமும் ஜெயித்த அணியின் மோதிரங்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஆரம்ப வருட மோதிரங்கள் சாதாரணமாக, ஒரு கல் வைத்து, கையில் போட்டுக்கொள்கிற அளவில் இருக்கும், போகப் போகக் கல்லும் பெரிதாகி மோதிரமும் பெரிதாகி, கடைசியில் விரலில் நிற்குமா என்று சந்தேகம் வரும். கூட்டம் எப்போதும் இங்கேதான் அதிகம், எனக்கும் பார்க்கப் பிடித்திருந்தது. ஆனால் பேஜை மனதில் வைத்துக்கொண்டு இந்த வரிசையில் நடந்தால் மனசு கனத்துப் போகும். வைக்கிங்ஸ் நான்கு முறை இறுதி ஆட்டத்துக்குப் போனது, நான்கிலும் பேஜ் ஆடினார், நான்கிலும் தோல்வி. 1970 ஜனவரியில் கேன்சஸ் சிட்டியிடம் 23-7. 1974-இல் மயாமியிடம் 24-7. 1975-இல் பிட்ஸ்பர்கிடம் 16-6. 1977-இல் ஓக்லாந்திடம் 32-14. இதில் பிட்ஸ்பர்க் ஆட்டத்தைப் பற்றித்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை. பாதி நேரம் முடியும்போது ஸ்கோர் 2-0. அவ்வளவு இறுக்கமாக இரண்டு தடுப்பு வரிசைகளும் ஆடின. கடைசியில் வைக்கிங்ஸுக்குக் கிடைத்த 6 புள்ளிகளும் எதிரணி உதைத்த பந்தைத் தடுத்து, எல்லைப் பகுதியில் கைப்பற்றியதில் வந்தவை. பந்தை வைத்து முன்னேற வேண்டிய பதினோரு பேர் அந்த ஆட்டத்தில் ஒரு புள்ளி கூட எடுக்கவில்லை.

அந்த மோதிர வரிசையை முடித்துக்கொண்டு வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்துக்குப் போங்கள். இந்த வரிசையில்தான் போக வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளிச்சம் குறைந்த, நீளமான கூடம். தலையும் தோளும் மட்டும் வார்த்த சிலைகள், பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில், வருடவாரியாக அடுக்கியிருப்பார்கள். சிலைக்கு அருகே பெயர் இருக்கும், சாதனைப் பட்டியல் எல்லாம் அங்கே எழுதி வைத்திருக்க மாட்டார்கள், எனக்கு அது சரியாகவே பட்டது. உள்ளே நுழைந்தவர்களில் யாரும் உயர்ந்தவர் தாழ்ந்தவர் இல்லை, குவார்ட்டர்பேக்கும் நடுவரிசை ஆளும் ஒரே அளவு வெண்கலம்.

1988-ஐத் தேடிப் போங்கள். அந்த வருடம் சேர்ந்தவர்கள் நான்கு பேர்: ஃப்ரெட் பிலெட்னிகாஃப், மைக் டிட்கா, ஜேக் ஹாம், ஆலன் பேஜ். நின்று பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பிலெட்னிகாஃப் யார்? 1977 சூப்பர் பவுலில் ஓக்லாந்து வைக்கிங்ஸை வீழ்த்தியபோது ஆட்ட நாயகன். ஜேக் ஹாம் யார்? 1975-இல் வைக்கிங்ஸை 6 புள்ளியோடு நிறுத்திய பிட்ஸ்பர்க் தடுப்பு அணியில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர். டிட்கா? பேஜ் எம்விபி வாங்கிய அதே 1971 சீசனில், கிறிஸ்துமஸ் அன்று, வைக்கிங்ஸின் சொந்த மைதானத்துக்கே வந்து 20-12 என்று ஜெயித்து அவர்களை வீட்டுக்கு அனுப்பிய டாலஸ் அணியில் இருந்தவர். அந்த டாலஸ் அணிதான் அந்த வருடம் சூப்பர் பவுலையும் ஜெயித்தது. ஆக, பேஜோடு சேர்ந்து உள்ளே வந்த மூன்று பேருமே ஏதோ ஒரு குளிர்காலத்தில் அவரைத் தோற்கடித்த அணிகளின் ஆட்கள். அந்த மூவருக்கும் மோதிரம் உண்டு, இவருக்கு இல்லை. இப்போது நால்வரும் ஒரே வரிசையில் இருக்கிறார்கள். இதை யாரும் அங்கே எழுதி வைக்கவில்லை, நாம்தான் தேடிக் கோர்த்துக்கொள்ள வேண்டும், இப்படிக் கோர்த்துக்கொள்ள ஆரம்பித்தால் அந்தக் கூடத்திலேயே பொழுது போய்விடும்.

கோப்பை ஜெயித்தவனே பெரியவன் என்ற பேச்சு இந்த ஆட்டத்தில் ரொம்ப அதிகம். எத்தனை மோதிரம் என்று கேட்டுத்தான் ஆளை அளக்கிறார்கள். தடுப்பாட்டக்காரரை அப்படி அளப்பது அநியாயம் என்று எனக்குப் பட்டுக்கொண்டே இருக்கும். தன் அணி எத்தனை புள்ளி எடுக்கும் என்பதில் அவருக்குப் பெரிதாகப் பங்கு கிடையாது, எதிரணியை நிறுத்துவது மட்டும்தான் அவர் வேலை. அதை அவர் செய்துவிட்டும் தோற்கலாம். பேஜ் பலமுறை அப்படித் தோற்றார்.

அப்புறம் 1978. இது அருங்காட்சியகத்தில் தேடினால் கிடைக்காது, ஆனால் அவருடைய ஆட்ட வாழ்க்கையில் எனக்கு அதிகம் பிடித்த பகுதி. எழுபதுகளின் நடுவில் அவர் நெடுந்தூரம் ஓட ஆரம்பித்தார். எடை குறைந்துகொண்டே வந்தது, 225 பவுண்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். இன்னொரு பக்கம், ஆடிக்கொண்டே மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1978-இல் பட்டம் வாங்கினார். இவ்வளவு குறைந்த எடையோடு நடுவில் நிற்க முடியாது என்று பட் கிராண்ட் முடிவு செய்து, சீசன் நடுவில் அணியிலிருந்து விடுவித்துவிட்டார். அணியின் மிகப் பெரிய ஆட்டக்காரரை, 160 ஆட்டம் ஆடியவரை. சிகாகோ பேர்ஸ் அவரை வெறும் 100 டாலர் கட்டணத்தில் எடுத்துக்கொண்டது. அங்கே பயிற்சியாளர் நீல் ஆம்ஸ்ட்ராங், முன்பு வைக்கிங்ஸில் தடுப்பு அணியைப் பார்த்துக்கொண்டவர், நிலவுக்குப் போனவர் வேறு ஆள். பேஜ் எதற்கு உதவுவார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதற்கு மேல் 58 ஆட்டம், ஒன்று கூட விடாமல், 36 வயது வரை ஆடினார். 1979-இல் ஒரு முழு மராத்தான் ஓடி முடித்தார், ஆடிக்கொண்டிருக்கும் என்எஃப்எல் ஆட்டக்காரர் ஒருவர் மராத்தான் முடித்தது அதுதான் முதல் முறை. எடை குறைந்தால் முடிந்தது என்று சொன்னவர்களுக்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை.

1974-இல் ஆட்டக்காரர்கள் வேலை நிறுத்தம் செய்த காலத்தில் சங்கத்தில் முன்னால் நின்றவர்களில் அவரும் ஒருவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விரும்பிய அணிக்கு மாறுகிற உரிமைக்காக அன்று கேட்டவர்களுக்குக் கிடைத்தது குறைவு. இன்று கோடிக்கணக்கில் ஒப்பந்தம் போடுகிறவர்கள் அனுபவிப்பது அவர்கள் கேட்டதைத்தான்.

நீதிபதி ஆன கதையும் லேசுப்பட்டதில்லை. வழக்கறிஞராக இருந்து, பிறகு மாநிலத்தின் உதவி அட்டர்னி ஜெனரலாக இருந்து, 1992-இல் மினசோட்டா உச்ச நீதிமன்றத்துக்குத் தேர்தலில் நிற்க முயன்றார். அங்கே நீதிபதிகளை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். பதவியில் இருந்தவருடைய காலத்தை ஆளுநர் நீட்டித்துவிட்டதால் தேர்தலே இல்லை என்று ஆனது. பேஜ் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றத்தின் இடத்துக்கான வழக்கு என்பதால் அதன் நீதிபதிகள் ஒதுங்கிக்கொள்ள, வேறு நீதிபதிகள் அமர்ந்து விசாரித்து, தேர்தல் நடந்தே ஆக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். தேர்தல் நடந்தது, ஜெயித்தார், 1993 ஜனவரியில் பதவியேற்றார். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. 70 வயதில் கட்டாய ஓய்வு வரும் வரை, 2015 வரை இருந்தார். 2018-இல் நாட்டின் உயரிய சிவிலியன் விருதான சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. மினியாபொலிஸில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு இப்போது அவர் பெயர்.

இத்தனையையும் ஏன் ஒரு அருங்காட்சியக விமர்சனத்தில் எழுதுகிறேன் என்றால், 1988-இல் அவர் ஹால் ஆஃப் ஃபேமில் பேசிய பேச்சுக்காக. விழாவில் தன்னை அறிமுகப்படுத்தி வைக்க வழக்கமாக எல்லோரும் பழைய கோச்சையோ சக ஆட்டக்காரரையோ கூப்பிடுவார்கள். இவர் கூப்பிட்டது மினியாபொலிஸைச் சேர்ந்த ஒரு பள்ளித் தலைமை ஆசிரியை, வில்லரீன் பீஸ்லியை. பேசியது முழுக்கப் படிப்பைப் பற்றி. தன்னோடு அணியில் இருந்தவர்களில் சிலருக்கு ஆட்டத் திட்டப் புத்தகத்தைப் படிக்கக்கூடத் தெரியவில்லை என்பதைச் சொன்னார், பள்ளியும் கல்லூரியும் தாண்டி வந்தவர்கள் அவர்கள். ஆட்டம் ஆடத் தெரிந்த பையனை யாரும் படிக்கச் சொல்லவில்லை, ஆடினால் போதும் என்று ஒவ்வொரு வகுப்பிலும் தள்ளிவிட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஹால் ஆஃப் ஃபேமில் சேர்கிறவர்களுக்கான தங்கக் கலர் கோட் போடும் நாளில், தன்னைக் கொண்டாடக் கூடிய கூட்டத்தின் முன், இதைப் பேச ஒரு மனசு வேண்டும். அதே வருடம் மனைவி டயனோடு சேர்ந்து பேஜ் கல்வி அறக்கட்டளையைத் தொடங்கினார். உதவித்தொகை வாங்கும் கல்லூரி மாணவர்கள் பதிலுக்குச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க நேரம் ஒதுக்க வேண்டும், அது கட்டாயம். உதவி வாங்கியவரே உதவுகிறவராகிற அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

மற்றபடி அருங்காட்சியகத்தில் குழந்தைகளுக்கு விளையாட, தொட்டுப் பார்க்கப் பகுதி உண்டு. ஹோலோகிராம் வைத்து பழைய ஆட்டக்காரர்களை மேடையில் பேச வைக்கும் அரங்கம் ஒன்று உண்டு, பழைய குவார்ட்டர்பேக் ஜோ நேமத் வருவார். தொழில்நுட்பம் அருமை, பதின்ம வயதுப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். எனக்கு என்னவோ சத்தமில்லாத சிலைக் கூடம்தான் நெருக்கமாக இருந்தது, இது ருசி சம்பந்தப்பட்டது. கடையில் எல்லா அணியின் சரக்கும் கிடைக்கும், ஜெர்சி வாங்க நினைத்தால் விலையை வெளியேயும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை நெடுஞ்சாலை ஓரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள், நான் நின்ற இடத்தில் ஒரு சாண்ட்விச்சுக்கு மணிக்கணக்கில் காத்திருந்து அது ஆறிப்போய் வந்தது. கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள்.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டம் சுத்தமாகப் பிடிக்காதவரை, விடுமுறையில் அமெரிக்கா வந்திருக்கும் அப்பா அம்மாவை, இதற்கென்றே அத்தனை தூரம் கூட்டிப் போக வேண்டாம். கூட்டிப் போனால் பக்கத்திலேயே முன்னாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மெக்கின்லியின் நினைவிடமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. அவர்களை அங்கே விட்டுவிட்டு நீங்கள் இங்கே வந்துவிடலாம், நினைவிடத்துக்குப் பெரிய படிக்கட்டு என்பதால் முட்டி வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துகொள்ளலாம்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள், காரில் போகும் வழியிலேயே பேஜின் 1988 பேச்சை அவர்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், இணையத்தில் கிடைக்கிறது, ரொம்ப நீளமும் இல்லை. உள்ளே போனதும் நேராகச் சிலைக் கூடத்துக்கு ஓடிவிடாமல், முதலில் தோர்ப் சிலை, பிறகு பழைய ஹெல்மெட்டுகள், பிறகு மோதிரங்கள், அதற்கப்புறம் 1988. கூடத்துக்குள் போனதும் அந்த நான்கு பேரையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். மாலை மூடும் நேரத்துக்குப் பக்கத்தில் போய் அவசரப்படாதீர்கள், காலையில் திறந்ததும் போய்விடுங்கள்.